ஆயுதம் கொடுத்தவர் பொறுப்பும் அலபாமா வழக்கும்

ஊர்க் கொல்லன் உலைக்களத்தில் அரிவாள் வடிக்கின்றான். அதை விலைகொடுத்து வாங்கிச் சென்றவன் கதிரறுத்தால் கொல்லனைப் புகழ்வாரில்லை. அண்டை வீட்டான் கழுத்தை அறுத்தால் கொல்லனை இகழ்வாருமில்லை. குற்றம் கைக்கே அன்றிக் கருவிக்கு அன்று என்பது உலக வழக்கு. ஆனால், வாங்க வந்தவன் வரப்புத் தகராற்றில் உடன்பிறந்தானை வெட்டுவதற்கென்றே கேட்கின்றான் என்பதைக் கொல்லன் அறிந்திருந்தால்? அறிந்தும், காசை எண்ணி வாங்கிக்கொண்டு கூர்தீட்டிக் கொடுத்தால்? அப்போதும் அவன் கை தூய கைதானா? தனி மனிதன் பொருட்டு எழும் இவ்வினா, அரசுகளின் பொருட்டு எழுந்து, ஐந்து நாட்டு நடுவர் முன் வழக்காகித் தீர்ப்பும் பெற்ற வரலாறு ஒன்று உண்டு. அதுவே அலபாமா வழக்கு.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இப்பொருளை எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஆயுத ஏற்றுமதியைத் தடுக்குமாறு லண்டனிலும் ஹேக் நகரிலும் புது தில்லியிலும் வழக்குகள் தொடுக்கப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் படித்தோம். மாலை வேளையில் காலனி அன்பர்கள் கூடிப் பேசுங்கால், "விற்பது வியாபாரம், கோர்ட்டுக்கு இதில் என்ன வேலை?" என்பர் ஒரு சாரார். "குழந்தைகள் மீது குண்டு விழுகிறதே, குண்டு கொடுத்தவனைக் கேட்க ஆளில்லையா?" என்பர் மறு சாரார். இரு சாராரும் இது புதிய வினா என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இதற்கு வயது நூற்றறுபதுக்கும் மேல். நாம் சட்டம் பயின்றவர் அல்லேம். மெட்ரிகுலேஷன் தேறி, சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலங்கழிப்பவர். ஆயினும் இவ்வழக்கின் உயிர்நிலை, ஒரு காகிதக் கட்டு ஒரு மேசையில் கேட்பாரற்றுக் கிடந்த சில நாட்களில் இருக்கின்றது. காகிதம் கிடப்பதன் பொருளை எம் போன்ற எழுத்தர் அறியாதிருத்தல் இயலாது.

நடுநிலைச் சட்டமும் அதன் இடுக்கும்

1861-ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடு இரண்டாகப் பிளந்தது. அடிமை முறையைக் காத்துக்கொள்ள விரும்பிய தென் மாநிலங்கள் பிரிந்து தனியரசு அமைத்தன. ஜனாதிபதி லிங்கன் தலைமையிலான வடவர் அப்பிரிவினையை ஏற்கவில்லை. போர் மூண்டது. தென்னவரிடம் பருத்தி இருந்தது. போர்க்கப்பல் இல்லை, அதைக் கட்டுதற்கேற்ற பட்டறைகளும் மிகக் குறைவு. வடவரோ தென் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிட்டனர். ஆகவே தென்னவர் கண் கப்பல் கட்டுந் தொழிலில் உலகுக்கே தலைமை பூண்டிருந்த பிரிட்டன் மீது விழுந்தது.

பிரிட்டன் 1861 மே 13-ஆம் நாள் தன்னை நடுநிலை நாடு என அறிவித்தது. அந்நாட்டில் 1819-ஆம் ஆண்டு முதலே ஒரு சட்டம் இருந்தது. பிரிட்டனோடு நட்புடைய நாட்டின் மீது போர் தொடுக்கும் நோக்கத்துடன் பிரிட்டிஷ் மண்ணில் எவரும் கப்பலைப் போருக்குச் சித்தப்படுத்துதலோ ஆயுதம் பூட்டுதலோ கூடாது என்பது அதன் சாரம். ஆனால் துப்பாக்கியும் வெடிமருந்தும் விற்பதை எச்சட்டமும் தடுக்கவில்லை. வடவரும் தென்னவரும் ஒருங்கே இங்கிலாந்தின் என்ஃபீல்ட் துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தனர். எனவே அமெரிக்கா பின்னாளில் வழக்காடியபோது, "ஆயுதம் விற்றதே குற்றம்" என்று வாதிட அதற்கு வாய் இல்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தென்னவரின் கடற்படை முகவராக ஜேம்ஸ் புல்லக் என்பவர் 1861 ஜூன் மாதம் லிவர்பூல் வந்திறங்கினார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியாகிச் சமாதானத்திற்கான நோபல் பரிசும் பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இவர் தாய்மாமன் முறை. புல்லக் முதலில் கப்பற் பட்டறைக்குச் செல்லவில்லை; வழக்கறிஞரிடம் சென்றார். சட்டம் "கட்டுதல்" என்ற சொல்லைக் கூறவில்லை என்பதைக் கண்டனர். கப்பலை ஆயுதமின்றி இங்கே கட்டலாம். பீரங்கிகளை வேறொரு கப்பலில் சாதாரணச் சரக்காக அனுப்பலாம். பிரிட்டிஷ் எல்லைக்கு அப்பால் நடுக்கடலில் இரண்டையும் சேர்க்கலாம். தேளை ஒரு பெட்டியிலும் அதன் கொடுக்கை மற்றொரு பெட்டியிலும் வைத்து அனுப்பி, இரண்டில் எதுவும் தேளன்று எனச் சாதிப்பதை ஒக்கும் இவ்வுபாயம்.

290-ஆம் எண் கப்பல்

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் என்னும் ஊரில் லேர்ட் சகோதரர் பட்டறையில் ஒரு கப்பல் எழும்பலாயிற்று. பெயரிடாமல் 290 என்ற எண்ணால் மட்டுமே அது வழங்கப்பட்டது. 1862 மே 15-ஆம் நாள் "என்ரிக்கா" என்ற பெயருடன் நீரில் இறங்கியது. லிவர்பூலில் அமெரிக்கக் கான்சலாக இருந்த தாமஸ் டட்லி என்பார் உறங்காக் கண்ணினர். பட்டறைத் தொழிலாளரிடமும் மாலுமிகளிடமும் உசாவி, இது தென்னவரின் போர்க்கப்பலே எனச் சத்தியவாக்குமூலங்களைத் திரட்டினார். லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் அவற்றை வெளிநாட்டு மந்திரி ரஸ்ஸல் பிரபுவிடம் சேர்ப்பித்தார். ராபர்ட் காலியர் என்ற பெயர்பெற்ற வழக்கறிஞர் அவ்வாக்குமூலங்களைப் பார்வையிட்டு, கப்பலைத் தடுத்து வைத்தல் சுங்க அதிகாரியின் கடமை என்றும், இதற்குப் பயன்படாத சட்டம் பின் எதற்கும் பயன்படாது என்றும் கருத்துப்பட ஜூலை 23-ஆம் நாள் எழுதிக் கொடுத்தார்.

இனித்தான் காகிதத்தின் கதை. அரசாங்கம் இவ்வாவணங்களைத் தன் சட்ட அதிகாரிகளின் ஆலோசனைக்கு அனுப்பியது. அவருள் ஒருவரான சர் ஜான் ஹார்டிங் அப்போது சித்தம் கலங்கி நோய்வாய்ப்பட்டிருந்தார். கட்டு அவர் இல்லத்திற் சென்று, ஏறத்தாழ ஐந்து நாட்கள் பிரிக்கப்படாமலே கிடந்தது. பின்னர் மற்ற இரு அதிகாரிகள் அதை வரவழைத்துப் படித்துக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என முடிவு கூறிய நாள் ஜூலை 29.

அதே ஜூலை 29 காலையில் 290-ஆம் எண் கப்பல் வெள்ளோட்டம் என்ற பெயரில் நதியில் இறங்கியது. ஐயம் எழாதிருக்கும்பொருட்டுச் சீமான்களும் சீமாட்டிகளும் உல்லாசப் பயணிகளாக அதில் ஏற்றப்பட்டிருந்தனர். சற்றுத் தொலைவு சென்றதும் விருந்தினரைச் சிறு இழுவைப் படகில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, வேல்ஸ் கரையோரம் ஒதுங்கி நின்று, ஜூலை 31 அதிகாலையில் கடலுள் மறைந்தது. தடுத்து வைக்குமாறு உத்தரவு வந்தபோது தடுப்பதற்குக் கப்பல் இல்லை. அசோர்ஸ் தீவுகளருகே பீரங்கியும் நிலக்கரியும் சுமந்து வந்த வேறு கப்பல்கள் அதைச் சந்தித்தன. ஆகஸ்ட் 24-ஆம் நாள் கேப்டன் ரஃபேல் செம்ஸ் தலைமையில் தென்னவர் கொடி ஏற்றப்பட்டு, "அலபாமா" எனப் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்த 22 மாதங்களில் அலபாமா ஏறத்தாழ 65 அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தது. அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கொளுத்தியது. ஒரு முறையேனும் தென்னவர் துறைமுகம் எதிலும் அது நங்கூரமிட்டதில்லை. நம் நாட்டுக் கடலையும் அது தீண்டாமல் விடவில்லை. 1863 டிசம்பரில் சிங்கப்பூர் வந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டது. 1864 ஜனவரியில் மலையாளக் கரைக்கு அப்பால் "எம்மா ஜேன்" என்ற கப்பலைக் கொளுத்தி, அதிலிருந்தோரைத் திருவிதாங்கூர்க் கரையிலுள்ள அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுச் சென்றது. அவ்வாண்டு ஜூன் 19-ஆம் நாள் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்திற்கு வெளியே அமெரிக்கப் போர்க்கப்பல் "கியர்சார்ஜ்" அதை மூழ்கடித்தது. அதற்குள் அமெரிக்க வணிகக் கப்பல்களின் காப்புறுதிக் கட்டணம் ஏறி, உரிமையாளர் பலர் தம் கப்பல்களை அயல்நாட்டாருக்கு விற்றுவிட்டனர்.

நீதிமன்றத்தில் தோல்வி

அலபாமா தப்பியபின் பிரிட்டிஷ் அரசு சற்றே விழித்தது. 1863 ஏப்ரலில் லிவர்பூலில் "அலெக்சாண்ட்ரா" என்ற மற்றொரு கப்பலைக் கைப்பற்றி வழக்குத் தொடுத்தது. தலைமை நீதிபதி பொல்லாக், பீரங்கியும் வெடிமருந்தும் விற்பது குற்றமன்று எனில் கப்பலை மட்டும் விற்பது எவ்வாறு குற்றமாகும் என்ற கருத்தில் ஜூரிகளுக்கு விளக்கினார். ஜூரிகள் கப்பற்காரர் பக்கமே தீர்ப்பளித்தனர். மேல் விசாரணையில் நீதிபதிகள் இருவர் இருவராகப் பிரிந்தனர். அப்பாலும் சென்ற முறையீடுகள் நடைமுறைக் காரணத்தால் வீழ்ந்தன. 1864-ல் கப்பல் விடுவிக்கப்பட்டது. ஆயுத ஏற்றுமதியை நீதிமன்றத்தில் தடுக்க முயன்ற இப்பழைய வழக்கு இவ்வாறு தோல்வியில் முடிந்தது.

எனினும் அரசாங்கம் தன் கையில் வேறு வழி இருப்பதை உணர்ந்தது. அதே லேர்ட் பட்டறையில் இரும்புக் கவசமும் எதிரிக் கப்பலை இடித்துத் துளைக்கும் முனையும் கொண்ட இரண்டு போர்க்கப்பல்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. அவை எகிப்து அதிபருக்கு உரியவை எனப் பாரிஸ் நகர வணிகர் ஒருவர் பெயரில் காகிதம் காட்டப்பட்டது. அவை புறப்பட்டால் அதுவே போர் எனத் தூதர் ஆடம்ஸ் 1863 செப்டம்பர் 5-ஆம் நாள் ரஸ்ஸல் பிரபுவுக்கு எழுதினார். அக்கடிதம் எழுதப்படுவதற்கு முன்னரே, செப்டம்பர் 3-ல், கப்பல்களை நிறுத்தி வைக்க ரஸ்ஸல் உத்தரவிட்டிருந்தார். முடிவில் பிரிட்டிஷ் கடற்படையே அவ்விரண்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. சட்டம் 1862-ல் இருந்த சட்டமே. மாறியது அரசின் மனமே.

ஜெனீவாவில் ஐவர்

1865-ல் போர் முடிந்தது. அமெரிக்கா நட்டஈடு கேட்டது, பிரிட்டன் மறுத்தது. செனட்டர் சார்லஸ் சம்னர் 1869-ல், கப்பல் நட்டம் மட்டுமன்றிப் போர் நீண்டதால் விளைந்த செலவுக்கும் பிரிட்டன் பொறுப்பு எனக் கோரினார். அத்தொகை 200 கோடி டாலரைத் தாண்டும். இரு நாடுகளும் மீண்டும் மோதிக்கொள்ளுமோ என அஞ்சுமளவுக்குக் கசப்பு முற்றியது. இடையில் பிரிட்டன் 1870-ல் தன் சட்டத்தைத் திருத்தி, போர்க்கப்பலைக் "கட்டுதலையும்" குற்றமாக்கியது.

1871 மே 8-ஆம் நாள் வாஷிங்டனில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நடுவர் ஐவர் எனத் தீர்மானித்தனர். அமெரிக்கா சார்பில் அதே ஆடம்ஸ், பிரிட்டன் சார்பில் தலைமை நீதிபதி காக்பர்ன், இத்தாலியின் ஸ்க்லோபிஸ் பிரபு தலைவர், சுவிட்சர்லாந்தின் ஸ்டாம்ஃப்லி, பிரேசிலின் இத்தஜுபா பிரபு. நடுநிலை அரசு தன் எல்லைக்குள் இத்தகைய கப்பல் ஆயத்தமாவதைத் தடுக்க "உரிய கவனம்" செலுத்தல் வேண்டும் என்பதே அவர்கள் பின்பற்ற வேண்டிய விதிகளின் மையம். ஜெனீவா நகர மன்றத்தின் ஓர் அறையில் அவர்கள் கூடினர். போர்க்களத்தில் காயமுற்றோரைக் காக்கும் முதல் ஜெனீவா உடன்படிக்கை 1864-ல் கையெழுத்தானதும் அதே அறையில்தான். இன்று அதற்கு அலபாமா அறை என்றே பெயர்.

சம்னர் கேட்ட மறைமுக நட்டத்தை நடுவர் ஏற்கவில்லை. ஆனால் 1872 செப்டம்பர் 14-ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தபோது, அலபாமா விஷயத்தில் ஐவரும் ஒருமனப்பட்டுப் பிரிட்டன் கடமை தவறியதாகக் கண்டனர். வேறு பலவற்றில் மாறுபட்டுத் தீர்ப்பில் கையொப்பமிட மறுத்த காக்பர்னும் இதில் மாறுபடவில்லை. ஃபுளோரிடா என்ற கப்பலுக்கும், மெல்போர்னை விட்டுச் சென்றபின் ஷெனண்டோவா என்ற கப்பல் செய்த சேதத்துக்கும் பெரும்பான்மையால் பொறுப்பு விதிக்கப்பட்டது. மொத்தம் 1 கோடியே 55 லட்சம் டாலர் பொன்னாக அளிக்குமாறு கூறினர். பிரிட்டன் 1873-ல் அதைச் செலுத்தித் தீர்த்தது. அதே உடன்படிக்கையின் கீழ் அமைந்த மற்றொரு குழு, வேறு கணக்குகளுக்காக அமெரிக்கா பிரிட்டனுக்கு ஏறத்தாழ 19 லட்சம் டாலர் தரவேண்டும் என்றது. அதுவும் செலுத்தப்பட்டது.

இத்தீர்ப்பில் நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு. எங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் அதிகாரம் போதவில்லை என்பது அயல்நாட்டாருக்குச் சொல்லும் விடையாகாது என்றனர் நடுவர்; இது முதலாவது. எச்சரிக்கை உரிய காலத்தில் வந்தும், நடவடிக்கையும் உத்தரவும் காலங்கடந்து வந்தமையாற் பயனற்றுப் போயின என்றது இரண்டாவது. நோயுற்றவர் இல்லத்தில் கட்டுக் கிடந்த நாட்களுக்கு ஒரு பேரரசு விலை கொடுத்தது. அலுவலகத்தில் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்று விடையிறுத்துப் பழகியவர்களாகிய நாம் இதைப் படிக்குங்கால் சற்றே நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

ஜெனீவாவுக்குப் பின்

1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைகள் இவ்விதியை உலக விதியாக்கின. நடுநிலை அரசு தானே போர்க்கப்பலோ வெடிமருந்தோ போரிடுவோர்க்கு அளித்தல் ஆகாது. தன் எல்லையில் போர்க்கப்பல் ஆயத்தமாவதையும் தடுத்தல் வேண்டும். ஆனால் தனியார் செய்யும் ஆயுத ஏற்றுமதியைத் தடுக்க அது கடமைப்பட்டதன்று என்றும் அவையே கூறின. பொல்லாக் கேட்ட கேள்வி இவ்வாறு இடுக்கில் தங்கிவிட்டது.

காலப்போக்கில் ஆயுத ஏற்றுமதிக்கு அரசின் உரிமம் வேண்டும் என்ற முறை நாடுதோறும் ஏற்பட்டது. உரிமத்தில் அரசின் கையொப்பம் விழுந்தபின் "அது தனியார் வியாபாரம்" என்று ஒதுங்க இயலாது. 1948-ல் இனப்படுகொலையைத் தடுக்கும் உடன்படிக்கையும், 1949-ல் புதிய ஜெனீவா உடன்படிக்கைகளும் வந்தன. ஆயுத வணிக உடன்படிக்கை 2013 ஏப்ரல் 2-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிறைவேறி, 2014 டிசம்பர் 24-ல் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலைக்கோ, குடிமக்கள் மீதான தாக்குதல் முதலிய போர்க்குற்றங்களுக்கோ பயன்படும் என்று அறிந்தும் ஆயுதம் அனுப்புதல் கூடாது என்கிறது அது. இந்தியா அவ்வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது, உடன்படிக்கையில் சேரவில்லை.

இப்புதிய விதிகளை வைத்துக் குடிமக்களே தம் அரசின் மீது வழக்குத் தொடுக்கத் தலைப்பட்டதுதான் இக்கால வளர்ச்சி. யேமன் போரில் சவூதி அரேபியா பயன்படுத்தும் ஆயுதங்களுக்குப் பிரிட்டன் உரிமம் வழங்கியதை எதிர்த்த வழக்கில், 2017-ல் கீழ்மன்றம் தள்ளுபடி செய்தது. 2019 ஜூன் 20-ல் மேல்முறையீட்டு மன்றம் வேறு விதமாகக் கூறியது. முன் நடந்த தாக்குதல்கள் சட்டத்தை மீறியனவா என்று ஆராய்ந்து முடிவுக்கு வராமலே உரிமம் வழங்கியது முறையன்று என்றது அம்மன்றம். 2020-ல் அரசு ஆராய்ந்து, மீறல்கள் தனித்தனி நிகழ்ச்சிகளே எனக் கூறி உரிமங்களை மீண்டும் தொடங்கியது. 2023-ல் இரண்டாவது வழக்குத் தோற்றது.

காஸா போரின்போது நெதர்லாந்தில், எஃப்-35 விமான உதிரிப் பாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புதலை ஏழு நாட்களுக்குள் நிறுத்துமாறு ஹேக் மேல்முறையீட்டு மன்றம் 2024 பிப்ரவரி 12-ல் உத்தரவிட்டது. 2025 அக்டோபர் 3-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஆறு வாரத்துள் உரிமத்தை மறுஆய்வு செய்யுமாறு அரசைப் பணித்தது. பிரிட்டனில் இதே உதிரிப் பாகங்கள் பற்றிய வழக்கு 2025 ஜூன் 30-ல் தள்ளுபடியாயிற்று. அது மந்திரிசபையின் பொறுப்பு என்றனர் நீதிபதிகள். ஜெர்மனி மீது நிகராகுவா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 30-ல் இடைக்கால ஆணை பிறப்பிக்க மறுத்தது. ஆனால் வழக்கைப் பட்டியலிலிருந்து நீக்கவும் மறுத்தது. நம் நாட்டிலும் இஸ்ரேலுக்கான ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பர் 9-ல் தள்ளுபடி செய்தது. வெளிநாட்டுக் கொள்கை அரசின் எல்லை என்றும், ஒப்பந்தத்தை முறித்தால் நம் நிறுவனங்கள் மீது வழக்கு வரக்கூடும் என்றும் காரணம் கூறியது.

இத்தோல்விகளைக் கண்டு "வழக்கால் ஆவதென்ன?" என்பார்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. அலெக்சாண்ட்ரா வழக்கும் தோற்றதுதான். ஆனால் அத்தோல்வி சட்டத்தின் இடுக்கை ஊரறியக் காட்டியது; ஏழு ஆண்டுகளில் இடுக்கு அடைக்கப்பட்டது. மறுபுறம், அரசின் பக்கத்து நியாயத்தையும் மறுத்தல் தகாது. ஒரு நாடு தன் காவலுக்கு ஆயுதம் வாங்கும் உரிமை உடையது. எல்லோரும் விற்க மறுத்தால் பட்டறை இல்லாத நாடு பாதுகாப்பற்றதாகும். போர்க்கொள்கையை நீதிபதி வகுக்க இயலாது என்பதும் மெய்யே. ஆனால் தன் முன் வந்த சான்றை அரசு பிரித்துப் படித்ததா, படித்து ஒரு முடிவுக்கு வந்ததா, காலத்தே வந்ததா எனக் கேட்க நீதிபதிக்கு உரிமை உண்டு. 1872-ல் ஜெனீவா கேட்டதும் 2019-ல் லண்டன் கேட்டதும் இவ்வொரு கேள்வியையே.

நம் ரயில்வேயில் ஒரு மூட்டை மிளகாய் அனுப்புவதாயினும் அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், சரக்கின் விவரம், எடை யாவும் எழுதிக் கையொப்பம் பெறுகின்றோம். வெடிமருந்துக்கும் அபாயச் சரக்குக்கும் "ரெட் டாரிஃப்" என்ற தனி விதிநூலே உண்டு. பொய் விவரம் எழுதியவன் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது. வண்டி கெடுமே, வழியில் உள்ளோர்க்குத் தீங்கு நேருமே என்ற கவலையால் எழுந்த விதிகள் இவை. வண்டி போய்ச் சேர்ந்தபின் அச்சரக்கு யார் வீட்டின் மேல் விழும் என்ற கவலையும் விதியாக வேண்டும் என்பதே இவ்வழக்குகளைத் தொடுப்போரின் கோரிக்கை. அது பேராசை அன்று என்பது நம் துணிபு.

நம் காலனிப் பிள்ளைகளுள் சட்டம் பயிலச் செல்வோர் சிலர் உளர். அரசு அலுவலில் அமரப் போவோர் பலர் உளர். முன்னவர் அலெக்சாண்ட்ரா வழக்கின் தோல்வியையும், பின்னவர் ஹார்டிங் இல்லத்தில் கிடந்த காகிதக் கட்டையும் நினைவிற் கொள்வாராக. டட்லி திரட்டிய வாக்குமூலங்கள் நாள் தவறாமல்தான் லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டியவர் ஐந்து நாட்கள் முந்தியிருப்பின், அறுபத்தைந்து கப்பல்களும் தம் துறை சேர்ந்திருக்கும்.